பதினைந்து வயதில் தெரியாதது

2002 அக்டோபரில் தென்கொரியாவின் பூசான் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஸ்குவாஷ் மகளிர் இறுதி ஆட்டத்தில் பினாங்கைச் சேர்ந்த நிக்கோல் டேவிட் ஹாங்காங்கின் ரெபேக்கா சியுவிடம் தோற்றார். வேறு யாருக்காவது அந்த வெள்ளிப் பதக்கம் பெருமையாக இருந்திருக்கும். நிக்கோலுக்கு அப்படி இல்லை. 1998-இல் பாங்காக்கில், 15 வயதில், அதே ஆசியத் தங்கத்தை வென்றவர் அவர். 1999-லும் 2001-லும் உலக ஜூனியர் பட்டம் வென்றவர். ஐந்து வயதில் ராக்கெட் பிடித்த பிள்ளை, செயின்ட் ஜார்ஜஸ் பெண்கள் பள்ளி மாணவி, பினாங்கே பெயர் சொன்ன பெண். பூசானில் அந்தப் பெயர் முதல் முறையாக ஆட்டம் கண்டது.

அதன்பின் சில மாதங்கள் அவர் ஸ்குவாஷை விட்டே விலகியிருந்தார். தொடர்வதா, விட்டுவிடுவதா என்பது அவருக்கே தெளிவாகவில்லை. 2003-இல் ஆம்ஸ்டர்டாம் போய், ஆஸ்திரேலியாவின் முன்னாள் ஆட்டக்காரர் லிஸ் இர்விங்கிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2005-இல் முதல் உலகப் பட்டம், மொத்தம் எட்டு உலகப் பட்டங்கள், 2006 ஆகஸ்டு முதல் ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் உலகத் தரவரிசையில் முதலிடம். புக்கிட் டும்பாரில் உள்ள ஸ்குவாஷ் மையத்துக்கே இன்று அவர் பெயர்தான்.

அந்த ஓய்வு மாதங்களில் அவர் ராக்கெட்டை ஒரேயடியாகக் கீழே வைத்துவிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "திறமை இருந்தது, பாவம், ஜூனியரோடு நின்றுவிட்டது" என்று சொல்லியிருப்போம். மனவலிமை போதவில்லை, சின்ன வயதிலேயே அளவுக்கு மீறிப் புகழ்ந்து கெடுத்துவிட்டார்கள் என்று காரணமும் தயாராக வைத்திருப்போம். 19 வயது நிக்கோலைப் பற்றிய அந்த விளக்கம் அன்றைக்குக் கச்சிதமாகப் பொருந்தியும் இருக்கும். ஆனால் அது முழுத் தவறு.

இதே பினாங்கின் ஓங் பெங் ஹீ 1998-இல் ஆண்கள் பிரிவில் உலக ஜூனியர் பட்டம் வென்றார். பெரியவர்கள் பிரிவில் அவர் தொட்ட உச்சம் 2001-இல் உலகின் ஏழாம் இடம். உலகத்தில் ஆறு பேர் மட்டுமே தன்னைவிட மேலே இருந்த ஒருவரை "எதிர்பார்த்த அளவு வரவில்லை" என்று பேச நமக்கு எப்படி மனம் வருகிறது? அவர் ஆட்டத்தில் குறை தேடுவதைவிட, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் நியாயம்.

ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் ஆய்வாளராக இருக்கும் ஆர்னே குலிச்சும் அவருடைய குழுவினரும் 2023-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். பல விளையாட்டுகள், பல நாடுகள், பல்லாயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள். 17, 18 வயதில் சர்வதேச மட்டத்தில் ஆடியவர்களில் எத்தனை பேர் பெரியவர்களானதும் அதே மட்டத்தில் ஆடினார்கள் என்பதே கேள்வி. ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் வரவில்லை.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டபோதுதான் உண்மையான அதிர்ச்சி. பெரியவர்களாகிச் சர்வதேச மட்டத்தில் ஆடுபவர்களை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால், அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் 17, 18 வயதில் அந்த மட்டத்தில் இருந்ததே இல்லை. அதாவது, ஜூனியர் நட்சத்திரங்களும் பெரியவர் நட்சத்திரங்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். பத்தில் ஒன்பது பேருக்கு நடப்பதைத் தனிமனிதக் குறை என்று சொல்ல முடியாது. தவறு கணிப்பில் இருக்கிறது. பழியைப் பிள்ளை மேல் போடுகிறோம்.

பூப்பந்து பார்த்து வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு உலக ஜூனியர் ஆண்கள் ஒற்றையர் பட்டம் சீனாவின் பாவ் சுன்லாய்க்குப் போனது. நல்ல ஆட்டக்காரர், ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கிடைக்கவே இல்லை. அவருடைய சக அணி வீரரான லின் டான் ஜூனியர் உலக ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. பிறகு இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றார். நம் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய்யும் ஜூனியர் உலகப் பட்டம் இல்லாதவர்தான். மூன்று ஒலிம்பிக் வெள்ளியும், ஆண்டுக்கணக்கில் உலக முதலிடமும் அவருக்குப் பிறகு வந்தவை. 2011-இல் மலேசியாவின் சுல்ஃபாட்லி சுல்கிஃப்லி ஜூனியர் இறுதி ஆட்டத்தில் வீழ்த்தியது டென்மார்க்கின் விக்டர் அக்செல்சனை. அக்செல்சன் தோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். சுல்ஃபாட்லி 2018-இல் ஆட்ட நிர்ணயக் குற்றத்துக்காக 20 ஆண்டுத் தடை பெற்றார். அந்தத் தடை அவர் செய்த செயலுக்கு வந்த தண்டனை. அதைத் திறமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனால் அந்த ஒரு நாள் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர் யாரும் இந்த இருவரின் வருங்காலத்தையும் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

இளம் திறமையைக் கணிக்கப் பெரும் பணமும் நேரமும் செலவழிக்கும் விளையாட்டு அமெரிக்காவின் பேஸ்பால். அங்கே ஒவ்வோர் ஆண்டும் அணிகள் வரிசை முறையில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. யார் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பது எழுத்தில் இருக்கும். அவர் பிறகு என்ன ஆனார் என்பதும் பந்துக்குப் பந்து எழுத்தில் இருக்கும். கணிப்பைச் சரிபார்க்க இதைவிட நல்ல ஏடு கிடையாது.

அந்த ஏட்டில் பில்லி பீன் பெயர் தனியாகத் தெரியும். 1980-இல் நியூயார்க் மெட்ஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்த பையன். உயரம், ஓட்டம், வீச்சு, அடி என்று திறமை தேடி ஊர் ஊராகப் போகும் ஆட்கள் எதைப் பார்த்து மயங்குவார்களோ அத்தனையும் அவரிடம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்தில் அவர் ஆடியது மொத்தம் 148 ஆட்டங்கள்; அடித்தது எல்லை தாண்டும் அடிகளான ஹோம்ரன்கள் மூன்று; சராசரி .219. எளிதாகச் சொன்னால், நூறு முறை மட்டை பிடித்தால் 22 முறைகூடப் பந்தை அடித்துத் தளம் சேரவில்லை. 1990-இல் ஆடுவதை நிறுத்திவிட்டு, அதே திறமை தேடும் வேலைக்கு விண்ணப்பித்தார். பின்னாளில் ஓக்லாந்து அணியின் பொது மேலாளராகி, பார்வைக்கு அழகாகத் தெரிவதை ஒதுக்கிவிட்டு எண்களை நம்பி ஆள் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். மைக்கேல் லூயிஸ் 2003-இல் எழுதிய 'மணிபால்' அந்தக் கதைதான். பீன் தன்னிடம் எது பொய்த்ததோ அதையே தொழிலாக ஆராய்ந்தார். இந்த விஷயத்தில் இந்தக் கட்டுரையாளருக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்.

அதே ஏட்டின் இன்னொரு பக்கத்தில் ஆல்பர்ட் புஹோல்ஸ். 1999-இல் 13-ஆவது சுற்றில், 402-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 703 ஹோம்ரன்கள். மைக் பியாசா 1988-இல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆள். இன்று புகழ்மண்டபத்தில் இருக்கிறார்.

இவ்வளவு அனுபவமுள்ள கண்கள் ஏன் ஏமாறுகின்றன? முதல் காரணம், கண் தப்பானதைப் பார்க்கிறது. பேஸ்பாலில் வீசும் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் தளம் வரை 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, கையை விட்டு வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடி. மட்டையைச் சுழற்றுவதற்கே அதில் 0.15 விநாடி போய்விடும். கண் கண்டதை மூளை புரிந்துகொண்டு கைக்குக் கட்டளையிட இன்னும் ஒரு 0.2 விநாடி. மிச்சம் ஏறக்குறைய 0.05 விநாடிதான். பந்தைப் பார்த்து அடிப்பது உடலியல்படி கிட்டத்தட்ட முடியாத காரியம்.

அப்படியானால் எப்படி அடிக்கிறார்கள்? பந்து கையை விடும் முன்பே வீசுபவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு அசைவிலிருந்து பந்து எங்கே வரும் என்று அனுமானித்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னெத்தி 1980-களில் இதைப் பூப்பந்திலேயே சோதித்தார். ஆட்டக் காட்சிகளைப் படமெடுத்து, ராக்கெட் பந்தைத் தொடும் முன்பே படத்தை நிறுத்தினார். சில காட்சிகளில் ஆட்டக்காரரின் கையை மறைத்தார். சிலவற்றில் ராக்கெட்டை மறைத்தார். பந்து எங்கே விழும் என்று கேட்டார். புதியவர்களுக்கு ராக்கெட் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடிந்தது. தேர்ந்தவர்கள் அதற்கும் முன்பே கையின் அசைவிலிருந்து செய்தியை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த அனுமானம் பிறவியில் வரும் பொது வேகம் கிடையாது; அந்தந்த ஆட்டத்துக்குள் ஆண்டுக்கணக்கில் சேர்வது. 2004-இல் அமெரிக்காவின் சாப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், ஒரு காட்சி ஆட்டத்தில் அதே புஹோல்ஸுக்குப் பந்து வீசினார். இடுப்புக்குக் கீழிருந்து வரும் வீச்சு. புஹோல்ஸால் தொட முடியவில்லை; ஆட்டமிழந்தார். அவர் கண்ணும் கையும் மாறவில்லை. ஃபின்சின் தோளை வாசிக்க அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நம் பள்ளிகளில் சாப்ட்பால் ஆடும் பெண்பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பேஸ்பாலுக்குப் போன இந்தியர்களின் கதையும் இங்கேதான் இடறியது. 2008-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியில், வேகமாகத் துல்லியமாக வீசும் கை இருந்தால் போதும் என்று இந்தியா முழுக்கத் தேடினார்கள். உத்தரப்பிரதேசத்தின் ஈட்டி எறிபவர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் தேர்வானார்கள். அதற்கு முன் இருவரும் பேஸ்பால் பந்தைத் தொட்டதுகூட இல்லை. அதே ஆண்டு இறுதியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014-இல் படமும் வந்தது. படம் முடியும் இடத்தில் வாழ்க்கை முடியவில்லை. தினேஷ் இரண்டு ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு கீழ்மட்ட லீக்குகளில் பல ஆண்டுகள் உழைத்தார். முழங்கை அறுவை சிகிச்சை குறுக்கே வந்தது. கடைசியில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். கை வேகம் உண்மையானதுதான். ஆனால் எதிரே நிற்பவர் பத்து வயதிலிருந்து சேர்த்த அனுபவத்தை இருபது வயதில் தொடங்கி எட்டிப்பிடிப்பது எப்படிப்பட்ட பாரம்! அவர்கள் அவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம்.

இரண்டாவது காரணம் வளர்ச்சி. 13 வயதுப் பையன்கள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எலும்பு வளர்ச்சிக் கணக்கில் அவர்களுக்கிடையே நான்கைந்து ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும்; இன்னொருவன் இன்னும் குழந்தை. முன்னவன் வேகமாக ஓடுவான், ஓங்கி அடிப்பான். திடலோரத்தில் நிற்கும் ஆசிரியர் அவனை ஒரு பயிற்சிக் குழுவில் சேர்ப்பார். நல்ல காலணி, நல்ல பயிற்சி, அதிக ஆட்டம் அவனுக்குக் கிடைக்கும். பின்னவன் புறப்பாட நேரத்தில் பந்து பொறுக்கிக்கொண்டிருப்பான். 18 வயதில் இருவர் உயரமும் ஒன்றாகிவிடும். அதற்குள் ஒருவன் நிறையக் கற்றிருப்பான். ஒருவன் ஆட்டத்தையே விட்டிருப்பான். முன்கூட்டி வளர்ந்தவனுக்கும் இதில் இழப்பு இருக்கிறது. உடல் பலத்தால் ஜெயித்துப் பழகியவனுக்கு நுணுக்கம் தேவைப்பட்டதே இல்லை. எல்லோரும் வளர்ந்து வந்ததும் அவன் திகைத்து நிற்கிறான்.

பிறந்த மாதமும் இதில் விளையாடுகிறது. கனடாவின் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி ஒரு ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் போயிருந்தார். ஆட்டக்காரர் விவரம் அச்சிட்ட ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி, எல்லோரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சிலேயே பிறந்திருக்கிறார்களே என்று சொன்னார். 1985-இல் அது ஆய்வுக் கட்டுரையானது. வயதுப் பிரிவை ஜனவரி 1-இலிருந்து கணக்கிட்டால், ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஓராண்டு மூத்தது. பத்து வயதில் ஓராண்டு என்பது மிகப் பெரிது. நம் நாட்டுப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளில் 12, 15, 18 வயதுப் பிரிவுகளும் பிறந்த ஆண்டை வைத்துத்தான்.

2013-இல் ராபர்ட் டீனரும் அவருடைய குழுவினரும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் இன்னொன்றைக் கண்டார்கள். ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்களை அணிகள் தாமதமாகவே தேர்ந்தெடுத்தன. ஆனால் பெரிய லீக்கில் அவர்கள் எடுக்கப்பட்ட இடத்துக்கு மேலாகவே ஆடினார்கள். இது பொதுப்போக்குதான்; தனி ஆளின் தலையெழுத்து ஆகாது. நிக்கோல் டேவிட் பிறந்தது ஆகஸ்டில்.

மூன்றாவதாக, பயிற்சி. குலிச் குழுவின் 2022 ஆய்வு 6,096 ஆட்டக்காரர்களைப் பார்த்தது. உலகின் உச்சிக்குப் போனவர்கள், தேசிய மட்டத்தோடு நின்றவர்களோடு ஒப்பிட்டால், சின்ன வயதில் மற்ற விளையாட்டுகளையும் அதிகம் ஆடியிருந்தார்கள். தங்கள் முதன்மை ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறினார்கள். ஜூனியர் பட்டம் வென்றவர்களிடம் இதற்கு நேர்மாறு: சீக்கிரம் தொடங்கி, ஒரே ஆட்டத்தில் மூழ்கி, வேகமாக முன்னேறினார்கள். 15 வயதில் ஜெயிக்கவைப்பதும் 25 வயதில் ஜெயிக்கவைப்பதும் ஒரே வழி இல்லை. ஐந்து வயதில் தொடங்கிய நிக்கோல் போன்றவர்களும் உண்டு. ஆனால் மாலை ஆறு மணி வரை டியூஷன், அதன்பின் இரவு வரை ஒரே ஆட்டத்தில் பயிற்சி என்று ஒன்பது வயதுப் பிள்ளையை ஓட்டும் பெற்றோர் இந்த ஆய்வை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

உடல் எப்போது கைவிடும் என்பதை எந்தக் கணிப்பும் சொல்லாது. 1991-இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லருக்குக் கொடுத்தது 15.5 லட்சம் டாலர். 1993 டிசம்பரில் நடந்த ஒரு கைகலப்பில் அவருடைய வீசும் தோள் சிதைந்தது. மேஜர் லீக்கில் அவர் ஒரு பந்தும் வீசவில்லை.

ஜார்ஜ்டவுனில் பிறந்த கோ ஜின் வெய் 2015-இல் 15 வயதிலும் 2018-இல் மறுபடியும் பூப்பந்து உலக ஜூனியர் பட்டம் வென்றார். 2018-இல் இளையோர் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். பின்னர் குடல் நோயால் அவருடைய பெருங்குடலை அறுவை சிகிச்சையில் அகற்ற வேண்டியதாயிற்று. 2021-இல், 21 வயதில், ஓய்வு அறிவித்தார். அடுத்த ஆண்டே ஆட்டத்துக்குத் திரும்பி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஆடினார். ஜூனியர் பட்டங்களுக்கு ஏற்ற அளவுக்கு வளரவில்லை என்று அவரைப் பற்றிப் பேசுபவர்கள், பெருங்குடல் இல்லாத உடலோடு மூன்று செட் ஆட்டம் ஒன்றில் ஒரு மணி நேரம் ஓடுவது என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பினாங்கு அவரைக் கொண்டாடியது போதவே போதாது.

மனத்தின் பங்கும் உண்டு. ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் இல்லை. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், செயின்ட் லூயிஸ் பேஸ்பால் அணியின் 21 வயது வீச்சாளர் ரிக் அன்கீல் பிளேஆஃப் ஆட்டத்தில் இறங்கினார். தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்லப்பட்டவர். மூன்றாவது இன்னிங்ஸில் திடீரென்று பந்து அவர் சொன்னபடி கேட்கவில்லை. ஒரே இன்னிங்ஸில் ஐந்து முறை பிடிப்பவரைத் தாண்டிப் போனது. அந்த வீச்சு அவருக்குப் பழையபடி திரும்பவே இல்லை. பழகிப்போன அசைவை நெருக்கடியில் ஒவ்வொரு படியாகக் கண்காணிக்கத் தொடங்கினால் அது குலைந்துவிடும் என்பதைச் சியன் பைலாக் என்ற உளவியலாளர் கோல்ஃப் சோதனைகளில் காட்டியிருக்கிறார். அக்கறை கூடிப்போவதால் நேரும் குலைவு இது. சோம்பலோ கோழைத்தனமோ இல்லை. அன்கீல் வீச்சை விட்டு மட்டையாளராக மாறி, 2007-இல் மேஜர் லீக்குக்குத் திரும்பிய ஆட்டத்திலேயே ஹோம்ரன் அடித்தார்.

செய்ய முடிந்தது என்ன? இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகள் 2015 முதல், பிறந்த ஆண்டுக்குப் பதில் உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து ஆடவைத்துப் பார்க்கின்றன. சீக்கிரம் வளர்ந்தவன் தன் அளவுள்ளவர்களோடு மோதி நுணுக்கம் கற்கிறான். தாமதமாக வளர்பவனுக்குப் பந்தைத் தொடவாவது முடிகிறது. இதற்கு எக்ஸ்ரே வேண்டியதில்லை. ஒஹாயோவைச் சேர்ந்த ஹாரி கேமிஸும் அலெக்ஸ் ரோச்சும் 1994-இல் தந்த முறைக்குப் பிள்ளையின் வயது, உயரம், எடை, பெற்றோர் இருவரின் உயரம் தெரிந்தால் போதும். பெரியவனானதும் வரப்போகும் உயரத்தில் எத்தனை சதவீதம் இப்போதே வந்துவிட்டது என்று கணக்கிடலாம். ஓர் அளவு நாடாவும் எடை பார்க்கும் கருவியும் நம் எந்தப் பள்ளியிலும் உண்டு. பினாங்கின் பள்ளி அணித் தேர்வுப் படிவங்களில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இந்த நான்கு எண்களுக்கும் இடம் ஒதுக்கினால் போதும். அதோடு, 12 வயதில் கழிக்கப்பட்டவர்களை 14-லும் 16-லும் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கும் ஒரு நாளையும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அப்படி ஒரு நாள் தங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாரும் கேட்கலாம்.